ஏசி போட்டதும் ஈரச்சாக்கு நாற்றம்: காரில் தண்ணீர் எங்கே தங்குகிறது?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஓடும் 2018 மாடல் சின்ன கார். ஏசி போட்ட முதல் இரண்டு நிமிடம் ஈரச்சாக்கை முகத்தில் போர்த்தியது போல நாற்றம், அப்புறம் மெல்லக் குறைகிறது, மழைக்காலத்தில் ரொம்ப மோசம். குளிர்ச்சியில் குறை இல்லை. ஒரு கடையில் கேஸ் மாற்றச் சொன்னார்கள், இன்னொரு இடத்தில் டேஷ்போர்டை இறக்கி கூலிங் காயிலையே மாற்றச் சொன்னார்கள், வாசனை டப்பா மாட்டிப் பார்த்ததில் இரண்டு வாடையும் கலந்து குமட்டல்தான் மிச்சம், கூட வரும் மாமனாருக்கு வேறு வீசிங். இதுதானே நீங்கள் கேட்டது?

கேஸை முதலில் மறந்துவிடுங்கள். அது மூடிய குழாய்க்குள் சுற்றுகிற சமாச்சாரம், நீங்கள் சுவாசிக்கும் காற்றோடு அதற்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. குளிர்ச்சி நன்றாக இருக்கிறது என்றால் கேஸ் நன்றாக இருக்கிறது. நாளாகி ஊசிப்போவதற்கு அது சாம்பார் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், அப்போது கசிவை அடைக்க வேண்டும், நாற்றத்துக்காக யாராவது கேஸ் ஏற்றினால் உங்கள் பர்ஸ்தான் இளைக்கும்.

நான் கும்பகோணத்தில் 22 வருடமாக கார் ஏசி வேலை பார்க்கிறேன். இந்த நாற்றத்தோடு வருகிற வண்டிகளில் நான் முதலில் தேடுவது நாற்றத்தை அல்ல, தண்ணீரை. டேஷ்போர்டுக்குள்ளே, பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்பக்கமாக, ஒரு தடித்த புத்தகம் அளவில் அலுமினியக் காயில் நிற்கிறது, உங்களை மாற்றச் சொன்ன கூலிங் காயில் இதுதான். ஏசி ஓடும்போது அதன் தகடுகள் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே வரை குளிர்ந்துவிடும், அதற்குக் கீழே போனால் பனி கட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருந்து, கேஸை அழுத்திச் சுற்ற விடும் கம்ப்ரஸரை நிறுத்தும். ஐஸ் தண்ணீர் சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிறது பாருங்கள், அதே வியர்வை அந்தத் தகடுகளிலும். அளவு எவ்வளவு என்று ஒரு ஐப்பசி மாதம் சந்தேகம் வந்து, நிற்கிற வண்டிக்குக் கீழே வீட்டுச் சொம்பு ஒன்றை வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் முக்கால் சொம்பு தண்ணீர். வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற ஊரில் காற்றே பாதி தண்ணீர்தானே.

இந்தத் தண்ணீர் காயிலுக்கு அடியில் இருக்கும் தட்டில் இறங்கி, அங்கிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக ரோட்டில் விழ வேண்டும். விழுந்துவிட்டால் பிரச்சினை இல்லை. தகடுகளுக்கு நடுவில் தூசி அப்பியிருந்தால் அது ஈரத்தை விடாது, நீங்கள் ஏசியை அணைத்து, கதவைப் பூட்டி, வெயிலில் வண்டியை விட்டுப் போகிறீர்கள், உள்ளே இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு, தின்ன அழுக்கு. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட என்ன வேண்டும்? மறுநாள் புளோயரை, அதாவது காற்றைத் தள்ளும் விசிறியை, போட்டதும் முதல் காற்று அந்தக் காயிலைத் தடவிக்கொண்டுதான் உங்கள் முகத்துக்கு வருகிறது. காயில் குளிர்ந்து புதுத் தண்ணீர் படிந்ததும் நாற்றம் அமுங்கிவிடும். சிலர் நெடுந்தூரம் போகையில் நடுநடுவே ஒரு வீச்சு வந்து போகிறது என்பார்கள், அதுவும் இதேதான்: கம்ப்ரஸர் கட் ஆகும் நேரத்தில் காயில் சற்று சூடாகி ஈரம் ஆவியாகும்போது வாடையும் கூடக் கிளம்பும்.

சரி, உங்கள் வண்டியில் எங்கே கோளாறு என்று காசில்லாமல் பார்க்கலாம். காலையில் வண்டியை எடுத்ததும் ஏசி பட்டனைத் தொடாமல் புளோயரை மட்டும் போடுங்கள். வெளிக்காற்று வரும்படி வைத்து ஒரு நிமிடம், பிறகு உள்காற்றே சுற்றும்படி வைத்து ஒரு நிமிடம். வெளிக்காற்றில் மட்டும் நாறினால் வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜாலிப் பக்கம் சந்தேகம். உள்காற்றில் மட்டும் நாறினால் வண்டிக்குள் கார்ப்பெட், சீட், எங்கோ ஒரு மூலையில் ஈரம். இரண்டிலும் நாறினால் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அல்லது காயில். நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கிருந்து கழற்றத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

அடுத்து டிரெயின் குழாய், தட்டுத் தண்ணீர் ரோட்டில் இறங்கும் அந்த ரப்பர் குழாய். திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி (மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடாதீர்கள், புகை உயிருக்கே ஆபத்து) ஏசியை முழு வேகத்தில் 20 நிமிடம் ஓட விட்டுக் குனிந்து பாருங்கள். முன்பக்கம், பெரும்பாலும் இடதுபக்கப் பயணியின் காலுக்கு நேர் கீழே, சில வண்டிகளில் நடுவில், சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். சித்திரை மதியத்தில் குறைவாக விழலாம். ஆனால் கார்த்திகையில் 20 நிமிடம் ஓடியும் கீழே தரை காய்ந்து கிடந்தால், தண்ணீர் உள்ளேதான் நிற்கிறது. வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் குளுக் என்று சத்தம் கேட்டாலோ, இடதுபக்க மிதியடிக்குக் கீழே கை வைத்தால் ஈரமாக இருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

எது அடைக்கும்? தூசியும் இலைத்துகளும் சேர்ந்த சேறு ஒன்று. இன்னொன்று, நம் பக்கம் நான் நிறையப் பார்ப்பது, குளவி. தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தும் வண்டிகளில் அந்த விரல் தடிமன் ஓட்டை அதற்குக் கட்டிக் கொடுத்த வீடு மாதிரி. பாபநாசத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் குழாயின் வாயில் களிமண் உருண்டை, சுண்டு விரல் நகம் அளவு, செங்கல் போல இறுகிக் கிடந்தது. அதைக் கிள்ளி எடுத்த வேகத்தில் ஒரு குடம் தண்ணீர் என் சட்டைக்குள் இறங்கியது. அந்தத் தண்ணீரின் வாடையை இங்கே எழுதினால் சாப்பிட உட்கார்ந்தவர்கள் திட்டுவார்கள். அதனால், எஞ்சின் ஆறிய பிறகு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக உள்ளே விட்டுப் பாருங்கள். கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், தட்டும் குழாயும் கிழிந்தால் செலவு பெரிது. பஞ்சர் கடைக் காற்றை முழு அழுத்தத்தில் அடிப்பதும் வேண்டாம், குழாய் உள்பக்கமாகக் கழன்றுகொண்டால் அதற்குப் பிறகு தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டில்தான் விழும்.

வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலிதான் வெளிக்காற்று உள்ளே போகும் வாசல். வேப்பமரம், புளியமரத்தடியில் நிறுத்துபவர்கள் பானெட்டைத் தூக்கி அங்கே எட்டிப் பார்த்தால் அரைக் கூடை சருகு கிடக்கும். மழையில் ஊறி அது எருவாகிவிடும், அந்த எருவின் மூச்சுதான் உங்கள் ஏசியில் வருவது. போன வருடம் நெல் வியாபாரி ஒருவருடைய வண்டியில் அந்த மக்கலில் நாலைந்து நெல் முளைத்து இரண்டு அங்குலப் பச்சையாக நின்றது. ‘குறுவைக்கு இங்கேயே நாற்று விட்டுட்டீங்களா அண்ணே’ என்று கேட்டேன், அவர் சிரிக்கவில்லை.

ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் ஓடும் வண்டிக்கு கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு சரிப்படாது. 10,000 அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்று என்று இருக்கும். அது தார் ரோட்டில் தூசி மட்டும் பார்க்கிற வண்டிக்கு. இங்கே தை, மாசியில் மன்னார்குடி, நீடாமங்கலம் ரோட்டில் போங்கள், பாதி ரோட்டில் நெல் காய்கிறது, பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடுகிறது, முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். பதரும் சுணையும் காற்றிலேயே மிதக்கும். அந்தச் சுணை ஃபில்டர் மடிப்புகளில் போய் உட்கார்ந்தால் தட்டினாலும் விழாது, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுக்கும். என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வது வருடத்துக்கு இரண்டு: சம்பா அறுவடைத் தூசி அடங்கிய பங்குனியில் ஒன்று, குறுவை அறுத்து முடித்து மழை இறங்குவதற்கு முன் புரட்டாசியில் ஒன்று. சில நூறு ரூபாய் சமாச்சாரம், பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் நீங்களே மாற்றலாம். அதன் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள். பேப்பர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஃபில்டரே இல்லாமல் ஓட்டலாம். கரி கலந்த ஃபில்டர் கொஞ்சம் வாடையை இழுக்கும், நல்லதுதான், ஆனால் அழுக்குக் காயிலை அது சுத்தமாக்காது. இன்னொன்று, சில குறைந்த விலை மாடல்களில் ஃபில்டருக்கு இடம் மட்டும் விட்டு, மேலே ஒரு மூடி போட்டு விட்டுவிடுகிறார்கள். ஆறு வருடம் ஓட்டியும் தன் வண்டியில் ஃபில்டரே இல்லை என்று தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த வண்டிகளின் காயில் கோழிக்கூண்டு மாதிரி இருக்கும். உங்களுடையதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

காயில்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். நவக்கிரகக் கோயில் சுற்றும் டிராவல்ஸ் கார் ஒன்று நாற்றம் என்று வந்தது. ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டு காயிலைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டு, சம்பளமும் வாங்கி அனுப்பினேன். மூன்றாம் நாள் டிரைவர் திரும்பி வந்தார், நாற்றம் அப்படியே. அப்போதுதான் கேட்டேன், சனிக்கிழமைகளில் எங்கே போகிறீர்கள் என்று. எங்கே, திருநள்ளாறுதான். நளன் தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தலையும் ஈரவேட்டியுமாக ஏறி உட்கார்கிறார்கள், ஈரத் துண்டு சீட்டுக்கு அடியில், வாரா வாரம். மேல் மிதியடியைத் தூக்கினால் கார்ப்பெட் காய்ந்ததாகத்தான் தெரிந்தது. ஓரத்தைப் பிய்த்து, அதற்குக் கீழே சத்தம் வராமல் இருக்கப் போட்டிருக்கும் பஞ்சை அழுத்தினேன், விரலுக்கு நடுவே கருப்பாகத் தண்ணீர் வந்தது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை உருவி, இரண்டு நாள் மொட்டை மாடியில் காயப்போட்ட பிறகுதான் வண்டி மூச்சு விட்டது. முதல் நாள் வாங்கிய காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆகவே நாலு மிதியடிக்கும் கீழே, ஸ்டெப்னி பள்ளத்தில், சீட்டுக்கு அடியில் எல்லாம் கையை விட்டு அழுத்திப் பார்த்துவிடுங்கள். பிளாஸ்க்கிலிருந்து காபி கொட்டியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், பால் புளித்த வாடைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் மூடிய வண்டியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இவ்வளவும் பார்த்து, காயில்தான் என்றானால், டேஷ்போர்டை இறக்காமலே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. கார் ஏசி காயிலுக்கென்றே நுரையாக வரும் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும், அதோடு ஒரு நீளக் குழாய் இருக்கும். வண்டி ஆஃப். டிரெயின் குழாய் வழியாகவோ, புளோயர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டரைக் கழற்றினால் கிடைக்கும் ஓட்டை வழியாகவோ அந்தக் குழாயை விட்டு, காயிலின் முகம் முழுக்கப் படும்படி நுரையை அடிக்க வேண்டும். புளோயர் மோட்டார் மேலும் ஒயர் சாக்கெட் மேலும் படக்கூடாது. 15, 20 நிமிடம் விட்டால் நுரை கரைந்து டிரெயின் வழியே பழுப்பு நிறத்தில் இறங்கும், அது இறங்குவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது, செய்து பார்த்தால் தெரியும். முழுக்க வடிந்த பிறகு புளோயரை மெதுவான வேகத்தில் தொடங்கி, கதவெல்லாம் திறந்து வைத்து 10 நிமிடம். அதன் பிறகுதான் புது ஃபில்டர். பழைய ஃபில்டரையே திரும்பப் போட்டுவிட்டு நாற்றம் போகவில்லை என்று வருகிறவர்கள் பாதிப் பேர்.

வண்டிக்குள் வைத்து அமுக்கிவிட்டுக் கதவை மூடிவிடும் புகை டப்பாக்களும் இருக்கின்றன. லேசான வாடைக்குச் சரி, அப்பிய அழுக்கை அது அசைக்காது. அதைப் போடும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது, பக்கத்தில் பீடி, ஊதுவத்தி எதுவும் கூடாது. ஓசோன் மெஷின் வைத்துச் செய்கிறோம் என்பவர்களிடம் மாமனாரின் வீசிங்கைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளுங்கள், ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது, அதற்கப்புறம் வண்டியை நன்றாகக் காற்றாட விடாமல் ஏறினால் நெஞ்சு எரியும். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியவர் ஒருவர் என்னிடம் வந்தார், அலுமினியத்தை அது அரித்துவிடும், அவருக்கு அப்புறம் நிஜமாகவே காயில் மாற்ற வேண்டியதாகிவிட்டது. பினாயிலும் வேண்டாம். அந்துருண்டை வேண்டவே வேண்டாம், குழந்தைகள் ஏறும் வண்டியில் அதன் ஆவி கெடுதல். அடுப்புக்கரியை ஒரு துணியில் முடிந்து சீட்டுக்கு அடியில் வைப்பதில் தப்பில்லை, ஏதோ கொஞ்சம் வாடையை இழுக்கும். எலுமிச்சம்பழம் கண்ணாடிக்கு முன்னால் இருக்கட்டும், திருஷ்டிக்கு.

சுத்தம் செய்த பிறகு அது திரும்ப வராமல் இருக்க ஒரே பழக்கம்தான், காசு செலவில்லாதது. வீடு வருவதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்பே ஏசி பட்டனை அணைத்துவிடுங்கள், புளோயர் மட்டும் நல்ல வேகத்தில், வெளிக்காற்று வரும்படி ஓடட்டும். காயில் காய்ந்துவிடும். முதல் நாள் வீட்டில் உள்ளவர்கள் புழுங்குகிறது என்று முனகுவார்கள், பழகிவிடும். அடைமழையில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கிறதே என்று கேட்டால், அந்த நாட்களுக்கு வாரம் ஒரு முறை ஹீட்டர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறையப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். ஹீட்டர் காயில் இருப்பது கூலிங் காயிலுக்கு அடுத்து, அதாவது காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டித்தான் ஹீட்டருக்கு வரும். வெளிக்காற்றில் வைத்து ஹீட்டரைப் போட்டால் உங்களுக்குத்தான் சூடு, கூலிங் காயிலுக்கு இல்லை. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, உள்காற்றே சுற்றும்படி வைத்தால் சூடான காற்று திரும்பப் போய் கூலிங் காயில் வழியாக வரும். 10 நிமிடம் அப்படி ஓட்டிவிட்டு, கண்ணாடிகளை இறக்கி அந்த ஈரச்சூட்டை வெளியே விடுங்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

காய வைத்து முடித்து சாவியைத் திருப்புவதற்கு முன் உள்காற்றுப் பட்டனை அமுக்கிவிடுங்கள், வெளிவாசல் மூடிக்கொள்ளும். இது எலிக்காக. அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியதும் எலிகளுக்கு வீடு மாற்றும் காலம், உங்கள் ஜாலி வழியாக இறங்கி புளோயர் விசிறிக்குள் வைக்கோல் மெத்தை போட்டுப் படுத்துவிடும். ஏசியில் திடீரென்று மூத்திர நெடியோ, செத்த வாடையோ வந்தால் அது பூஞ்சை இல்லை, புளோயரைப் போடாமல் கழற்றச் சொல்லுங்கள். கையுறை, முகமூடி இல்லாமல் அந்தக் கூட்டைத் தொட வேண்டாம், எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில்தான் பரவுகிறது. ஜாலிக்கு அடியில் மெல்லிய இரும்பு வலை வெட்டி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. இன்னும் ஒன்று: வாடை இனிப்பாக, பாகு மாதிரி வந்து, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போல மூட்டம் படிந்தால் ஹீட்டர் காயிலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒயர் கருகிய வாடை, பெட்ரோல் வாடை என்றால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள்.

கடைசியாக அந்த டேஷ்போர்டு விஷயம். இரண்டு முறை நுரை அடித்தும், டிரெயின் சுத்தமாக இருந்தும், பத்துப் பதினைந்து நாளில் அதே ஈரச்சாக்கு திரும்பி வந்தால், காயில் இறங்கத்தான் வேண்டும். அப்போதும் பெரும்பாலும் கழற்றிக் கழுவினால் போதும், தகடு அரித்திருந்தாலோ கசிந்தாலோதான் புதுசு. அதற்குள் இருக்கும் கேஸை மெஷினில் இழுத்து எடுக்கிறார்களா, அப்படியே காற்றில் திறந்து விடுகிறார்களா என்று கேளுங்கள்; உங்கள் வண்டியில் இருக்கும் கேஸ் பெரும்பாலும் ஆர்-134ஏ, பூமியைச் சூடாக்குவதில் அது ஒரு கிலோ போனால் கரியமில வாயு 1,430 கிலோ போனதற்குச் சமம். திரும்ப மாட்டும்போது மூட்டுகளில் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் எல்லாம் புதுசு, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), கேஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும், கை மதிப்பில் அல்ல. ஆனால் யாரும் டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன், போனில் மாட்டும் ஒயர் கேமரா பல கடைகளில் இப்போது இருக்கிறது, ஃபில்டர் சொருகும் இடம் வழியாக அதை விட்டு, காயில் முகத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்களில் புளோயரை இறக்கினால்தான் தெரியும், அதுவும் சின்ன வேலைதான். தகடுகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி போட்டது போல இருந்தால் இறக்கட்டும். தகடு தகடாக வெள்ளையாகத் தெரிந்தால், டேஷ்போர்டை விட்டுவிட்டு மிதியடியைத் தூக்கிப் பாருங்கள்.